பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாதா?

(தாய்மார்களும் நர்சுகளும் பெருவாரியாக வந்திருந்த ஒரு கூட்டத்தில் பேசியது)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் கைக்குழந்தைகளின் வலியைப் பற்றியதாகும். "இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது? குழந்தைக்கு வலித்தால் அழும். அழுதால் எடுத்து அணைப்போம். இதற்கு ஒரு கூட்டமா, ஒரு பிரசங்கமா?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நான் வைத்தியம் படித்தவனல்லன். பள்ளிக்கூடத்துப் படிப்பே எனக்குச் சொற்பம். ஆனால், உலகத்திலேயே மிகப் படித்தவர்கள் என்று பேர் வாங்கிய வைத்திய நிபுணர்கள், நேற்று முந்தாநாள் என்று சொல்லத்தக்க காலம் வரையில், பிறந்த குழந்தைக்கு வலி தெரியாது என்றோ, தெரிந்தாலும் அது பொருட்படுத்தத் தக்கதல்ல என்றோ எண்ணி, அதற்கு வலி தெரியாமலிருக்க மருந்து கொடுக்காமலேயே நெஞ்சைப் பிளந்து ரணசிகிச்சை செய்து வந்தார்கள் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? நம்ப வேண்டாம். நான் சொல்லுவதால் எதையும் நம்ப வேண்டாம். விஷயத்தைச் சொல்லுகிறேன், யோசித்துப் பாருங்கள்.

1985-ம் வருஷத்தில் அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனில் ஒரு தாய்க்கு மாதம் நிறையாத ஆண் குழந்தை பிறந்தது. நம்மெல்லோருக்கும் தாய் வயிற்றிலிருக்கும்போது இருதயத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு இரத்தக்குழாய் திறந்திருக்கும். பிறந்த சில நாட்களில் அது தானாகவே மூடிக்கொள்ளும். குறைமாதக் குழந்தைகளில் சிலருக்கு அது மூடாமல் நின்றுவிடும். அதைக் கட்டி மூடுவதற்காக அந்தக் குழந்தைக்கு ஆபரேஷன் நடந்தது. மார்பைக் கீறி, விலா எலும்புகளை விலக்கி, உள்ளே கை வைத்துச் செய்கிற ஆபரேஷன். சில வாரங்களில் குழந்தை இறந்துவிட்டது. துக்கத்திலிருந்த தாய் பிறகு ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பார்த்து விசாரித்தபோதுதான், ஆபரேஷன் முழுவதிலும் குழந்தைக்குக் கொடுக்கப்பட்ட மருந்து ஒன்றே ஒன்று என்றும், அது உடம்பை அசையவொட்டாமல் செய்கிற மருந்தே தவிர, வலியைப் போக்குகிற மருந்தல்ல என்றும் தெரிய வந்தது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, இவ்வளவு சிறிய குழந்தைக்கு வலி தெரியும் என்று யாரும் ருஜுப்படுத்தவில்லை என்ற தோரணையில் பதில் வந்தது.

தாய்மார்களே! அந்தப் பதிலைச் சற்றுக் கவனியுங்கள். வலி தெரியாது என்பதற்கு அவர்களிடத்தில் ருஜு இருந்ததா? இல்லை. ஆனால் வலி தெரியும் என்பதற்கு மாத்திரம் குழந்தையின் பக்கத்தில் ருஜுக் கேட்கிறார்கள். கத்தி ஒருவர் கையில், உடம்பு இன்னொருவருடையது. அப்படியிருக்க, சாட்சி கொண்டுவர வேண்டிய பாரத்தை வாயில்லாத ஜீவன் மேல் சுமத்துவது எந்த ஊர் நியாயம்?

அந்த அம்மாள் சும்மா இருந்துவிடவில்லை. பத்திரிகைகளுக்கும் வைத்தியச் சங்கங்களுக்கும் எழுதினார். 1986-ல் பத்திரிகைகளில் விஷயம் வெளிவந்தது. அது ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் செய்த தவறு அல்லவென்றும், பல இடங்களில் வழக்கமாகவே நடந்து வந்ததென்றும் அப்போதுதான் ஊராருக்குத் தெரிந்தது.

இந்த அசையாமல் கட்டிப்போடும் மருந்தைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். தென்னமெரிக்கக் காட்டு ஜனங்கள் வேட்டைக்காக அம்பு முனையில் தடவி வந்த கியூராரே என்னும் விஷம்தான் இந்த ஜாதி மருந்துகளுக்கெல்லாம் மூலம். 1942-ல் கனடா தேசத்து மாண்ட்ரியல் நகரில் இது முதல் முதலாக ஆபரேஷன் மேஜைக்கு வந்தது. தசைகள் தளர்ந்து கிடந்தால் அறுக்கிறவருக்குச் சௌகரியம். ஆனால் இது புத்தியையும் மயக்குகிறதா, அல்லது உடம்பை மாத்திரம் கட்டிப்போடுகிறதா என்று ஒரு சந்தேகம் எழுந்தது. சந்தேகம் எழுந்தால் என்ன செய்ய வேண்டும்? சோதித்துப் பார்க்க வேண்டும். 1947-ல் அமெரிக்காவில் ஊட்டா மாகாணத்தில் ஸ்காட் ஸ்மித் என்கிற டாக்டர் தன் உடம்பிலேயே அந்த மருந்தை ஏற்றச் செய்து, கைகால் மட்டுமல்ல, மூச்சுவிடும் தசையும் நின்றுபோகும் வரையில் ஏற்றச் செய்து, பக்கத்திலிருந்தவர்கள் செயற்கையாக மூச்சுக் கொடுக்கக் கிடந்தார். மருந்து தெளிந்த பிறகு, நடந்ததெல்லாம் தெரிந்தது, பேசியதெல்லாம் கேட்டது, குத்தியது வலித்தது என்று சொன்னார். ஆகவே, இந்த மருந்து வாயைக் கட்டுமே ஒழிய வலியைக் கட்டாது என்பது 1947-லேயே முடிந்துபோன விஷயம். அதற்குப் பிறகு 38 வருஷம் கழித்து, அதே ஜாதி மருந்தை மாத்திரம் கொடுத்து ஒரு குழந்தையின் மார்பைத் திறந்தார்கள் என்றால், அதை அறியாமை என்று மாத்திரம் சொல்லி விட்டுவிட முடியுமா?

குழந்தைக்கு வலி தெரியாது என்ற எண்ணம் எதிலிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அதற்கும் சாஸ்திரம் சொன்னார்கள். நான் சொல்வது வேத சாஸ்திரமல்ல, வைத்திய சாஸ்திரம். பிறந்த குழந்தையின் நரம்புகளின் மேல் மூடியிருக்க வேண்டிய ஒருவிதக் கொழுப்பு உறை இன்னும் பூர்த்தியாகவில்லை. உறையில்லாத நரம்பு சேதி கொண்டு போகாது. ஆகவே வலி மூளைக்கு எட்டாது என்றார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், வளர்ந்த மனிதர்களுக்கே வலியைக் கொண்டு போகும் நரம்பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு உறை கிடையாது. மற்றவற்றுக்கு இருப்பதும் மெல்லிய உறைதான் என்பது அதே சாஸ்திரத்தில் வேறொரு அத்தியாயத்தில் எழுதியிருக்கிறது. உறையில்லாததால் குழந்தைக்கு வலிக்காது என்றால், பல் வலியால் இராத்திரி முழுவதும் தூங்காமல் உட்கார்ந்திருக்கிற நமக்கும் வலிக்கக் கூடாதல்லவா?

1941-ல் மிர்ட்டில் மெக்ராவ் என்ற அம்மாள் 75 குழந்தைகளைக் குண்டூசியால் குத்திப் பார்த்து எழுதியதையும் ஆதாரமாகக் காட்டுவதுண்டு. பிறந்த சில நாட்களுக்குள் குத்தியபோது சில குழந்தைகள் அதிகமாக அசையவில்லை என்பது அதன் சாரம். தூக்கக் கலக்கத்திலிருக்கும் சிசு கையை உதறவில்லை என்பதிலிருந்து அதன் மார்பைப் பிளக்கலாம் என்ற முடிவுக்கு வருவதற்கு எவ்வளவு தூரம் தாண்ட வேண்டியிருக்கிறது பாருங்கள்!

ஆனாலும் நடுநிலைமையோடு ஒன்று சொல்லிவிட வேண்டும். மயக்க மருந்தைக் கண்டு பயந்தவர்கள் எல்லோரும் இரக்கமில்லாதவர்கள் அல்லர். அந்தக் காலத்து மயக்க மருந்துகள் சிறு குழந்தையின் இரத்த ஓட்டத்தைத் தாழ்த்தி மூச்சை நிறுத்திவிடும் என்ற பயம் உண்மையான பயம். வலித்தாலும் பரவாயில்லை, உயிர் தப்பட்டும் என்று எண்ணியவர்கள் உண்டு. கெடுதி எங்கே வந்ததென்றால், பயத்தைப் பயம் என்று ஒப்புக்கொண்டு வேறு வழி தேடுவதற்குப் பதிலாக, "எப்படியும் அதற்கு வலி தெரியாது" என்று சொல்லித் தங்கள் மனதைச் சமாதானப்படுத்திக் கொண்டதில்தான் வந்தது. மனதுக்குச் சமாதானம் தருகிற சித்தாந்தத்தை மனிதன் பரீட்சிக்க மாட்டான். இது கோயிலுக்கும் பொருந்தும், ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும்.

பரீட்சித்தவர் ஒருவர் வந்தார். இந்தூரில் வைத்தியம் படித்து இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்குப் போன கன்வல்ஜித் ஆனந்த் என்கிறவர். ஆபரேஷனுக்குப் போன குறைமாதக் குழந்தைகள் திரும்பி வரும்போது வெளிறிப்போய், மூச்சுத் திணறி, போனதைவிடக் கேவலமான நிலைமையில் வருவதை அவர் கண்டார். காரணம் என்ன என்று தேடினார். அவரும் அவருடைய கூட்டாளிகளும் 16 குறைமாதக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் நான் முன் சொன்ன அதே இரத்தக்குழாய் ஆபரேஷனுக்கு வந்தவை. எட்டுக் குழந்தைகளுக்கு வழக்கம்போல் நைட்ரஸ் ஆக்சைடு என்னும் லேசான வாயுவும் கியூராரேயும். மற்ற எட்டுக்கும் அவற்றோடுகூடப் பென்டனில் என்னும் பலமான வலிபோக்கும் மருந்து. பிறகு இரத்தத்தைச் சோதித்தார்கள். உடம்பு கடுமையான ஆபத்தில் மாட்டிக்கொண்டால் சுரக்கும் சுரப்பு நீர்கள் பென்டனில் பெறாத குழந்தைகளின் இரத்தத்தில் மிக அதிகமாகப் பெருகியிருந்தன. ஆபரேஷனுக்குப் பிறகு நேர்ந்த கோளாறுகளும் அவர்களுக்கே அதிகம். இது 1987 ஜனவரியில் வெளிவந்தது. குழந்தை வாய் திறந்து சொல்ல முடியாத சாட்சியத்தை அதன் இரத்தம் சொல்லிவிட்டது. அதே வருஷத்தில் அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் சபையும், பிறந்த குழந்தைகளுக்கும் ஆபரேஷனில் மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டது.

அதோடு நிற்கவில்லை. 1992-ல் பாஸ்டன் நகரில் இருதய ஆபரேஷனுக்கு வந்த 45 சிசுக்களைப் பற்றிய ஆராய்ச்சி வெளியாயிற்று. 15 பேருக்கு ஹாலோதேனும் மார்பினும் கொண்ட சாதாரண மயக்கம். 30 பேருக்குச் சூபென்டனில் என்னும் மருந்தால் ஆழ்ந்த மயக்கம். பிறகும் ஒரு நாள் அது தொடர்ந்தது. முதல் வகுப்பில் நான்கு குழந்தைகள் இறந்தன. இரண்டாவது வகுப்பில் ஒன்றுகூட இறக்கவில்லை. இதைக் கேட்ட பிறகு, வலியைப் போக்குவது ஏதோ தாட்சணியத்துக்காகச் செய்யும் தர்மம் என்று யாராவது சொல்ல முடியுமா? அது வைத்தியத்தின் ஒரு பாகம். வலி தன் பங்குக்கு உயிரைத் தின்கிறது.

பெரிய ஆபரேஷன்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். தினந்தோறும் நடப்பதைப் பாருங்கள். பாரிஸ் பட்டணமும் அதன் சுற்றுப்புறமுமான பிரதேசத்தில் தீவிர சிகிச்சையிலிருந்த 430 சிசுக்களைக் கூடவே இருந்து கணக்கெடுத்தார்கள், 2008-ல் வெளிவந்தது. ஒரு சிசுவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 தடவை வலியோ தொந்தரவோ தரும் ஏதாவது ஒரு காரியம் நடக்கிறது: குதிகாலில் குத்துவது, மூக்கில் குழாய் விடுவது, சளி உறிஞ்சுவது, ஒட்டின பிளாஸ்திரியைப் பிய்ப்பது இப்படியாக. இவற்றில் வலி தரக்கூடியவை என்று எண்ணப்பட்ட காரியங்களில் நூற்றுக்கு 79, வலி தணிக்க யாதொன்றும் செய்யாமலே நடந்தன. பிரெஞ்சு தேசத்தின் கதியே இது. 1987-க்கு இருபது வருஷத்துக்குப் பிந்திய கதியும் இதுதான். ஆகையால் சாஸ்திரம் திருந்திவிட்டது, இனி நமக்குக் கவலையில்லை என்று யாரும் உட்கார்ந்துவிட வேண்டாம்.

இனி, வலியைத் தெரிந்துகொள்வது எப்படி? பேசத் தெரியாத குழந்தைக்கு முகம்தான் வாய். புருவங்கள் கீழிறங்கி நடுவில் புடைக்கும். கண்கள் இறுக மூடிக்கொள்ளும். மூக்கின் ஓரத்திலிருந்து வாய்க்கோடி வரையிலுள்ள மடிப்பு ஆழமாகும். வாய் அகலத் திறந்து, நாக்கு கிண்ணம்போல் குழிந்து விறைக்கும். சார்லஸ் டார்வின், 1872-ல் வெளியிட்ட புத்தகத்திலேயே, வீரிட்டழும் குழந்தையின் கண்ணைச் சுற்றியுள்ள தசைகள் சுருங்குவதை நுணுக்கமாகக் கவனித்து எழுதியிருக்கிறார். 1987-ல் கனடாவில் குருனோ, கிரெய்க் என்னும் இருவர் சிசுக்களின் முகத்தைப் படம் பிடித்து, ஒவ்வொரு தசையாகப் பிரித்துக் குறித்து, இதை ஒரு அளவுகோலாகவே ஆக்கினார்கள். கொஞ்சம் வளர்ந்த குழந்தைக்கு, அதாவது இரண்டு மாதம் முதல் ஏழு வயது வரையில், அமெரிக்காவில் 1997-ல் ஒரு சுலபமான கணக்கு ஏற்படுத்தினார்கள். முகம், கால், உடம்பின் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் சைபர் முதல் இரண்டு வரையில் மார்க்குப் போட வேண்டும். மொத்தம் பத்து. ஒரு நர்சு ஒரு நிமிஷத்தில் போட்டுவிடலாம். காய்ச்சலுக்குச் சூடு பார்த்து எழுதுவதுபோல் இதையும் எழுதி வைத்தால், அடுத்த முறை மாற வருகிற நர்சுக்கும் அது பேசும்.

ஆனால் முக்கியமான ஒரு எச்சரிக்கை. அழுகிற குழந்தைக்குத்தான் வலி என்று எண்ணிவிடாதீர்கள். மாதம் நிறையாத குழந்தைக்கும், மிகவும் நலிந்துபோன குழந்தைக்கும் அழுவதற்குத் தெம்பு இராது. முகத்தைச் சுளிக்கக்கூட முடியாமல், கைகால் துவண்டு, நிறம் மாறி, அசையாமல் கிடக்கும். தொண்டையில் குழாய் வைத்திருக்கும் குழந்தையின் அழுகைக்குச் சத்தமே கிடையாது. "எவ்வளவு சமர்த்தாகப் படுத்திருக்கிறது பாருங்கள்" என்று நாம் மெச்சிக்கொள்ளும் குழந்தைகளில் சில, கத்திக் கத்தி ஓய்ந்துபோனவை.

நம் நாட்டில் காது குத்துகிற கல்யாணத்தைப் பார்த்திருப்பீர்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் கைகால்களைப் பிடித்துக்கொண்டு குத்துகிறார்கள். குழந்தை வீரிட்டு அலறுகிறது. சுற்றி நிற்கிற நாமெல்லோரும் சிரிக்கிறோம், படம் பிடிக்கிறோம், பந்திக்குப் போகிறோம். இரக்கமில்லாததனாலா சிரிக்கிறோம்? இல்லை. குழந்தையின் வலியை ஒரு வலியாகக் கணக்கில் வைத்துப் பழக்கமில்லை. இதற்குமேல் போய், சுகமில்லாத குழந்தைக்குச் சூடு போடுகிற பாதகமும், "அது முன்ஜென்மத்தில் செய்த வினை, அனுபவிக்கிறது" என்று சொல்லுகிற வேதாந்தமும் நம்மிடத்தில் உண்டு. பிறந்து மூன்று நாளான ஜீவன் எந்த வீட்டில் திருடியது, யாரைக் கொலை செய்தது என்று அந்த வேதாந்திகள் சொல்லட்டும். அவர்களோடு இன்று எனக்கு வழக்கில்லை, நேரமுமில்லை.

வலியைத் தணிப்பதற்கு வருகிறேன். இதில் சந்தோஷமான சங்கதி என்னவென்றால், சிறு சிறு காரியங்களுக்கு வேண்டிய மருந்தில் பாதி தாயினிடத்திலேயே இருக்கிறது. குதிகாலில் குத்தும்போதோ ஊசி போடும்போதோ குழந்தை தாயின் முலையில் பால் குடித்துக்கொண்டிருந்தால் அழுகை மிகவும் குறைகிறது என்று பல தேசங்களில் சோதித்து ருஜுவாகியிருக்கிறது. பால் குடிக்க முடியாத குழந்தையைத் தாயின் மார்போடு, நடுவில் துணியில்லாமல், உடம்போடு உடம்பாக அணைத்து வைத்தாலும் பலன் உண்டு. கொலம்பியா தேசத்துப் பொகோட்டா நகரில் 1978-79 வாக்கில், குறைமாதக் குழந்தைகளை வைக்கப் போதுமான சூட்டுப் பெட்டிகள் இல்லாத தரித்திரத்தினால், கங்காரு குட்டியைச் சுமப்பதுபோல் தாயின் மார்பிலேயே வைத்துக் காப்பாற்றத் தொடங்கினார்கள். அந்தத் தரித்திரத்தில் பிறந்த யுக்திதான் இன்று பணக்கார தேசங்களிலும் வலிக்கு மருந்தாகப் பயன்படுகிறது.

தாய் பக்கத்தில் இல்லாவிட்டால், கெட்டியான சர்க்கரைக் கரைசலில் சில துளி நாக்கில் விட்டு, இரண்டு நிமிஷம் பொறுத்துக் குத்தினால் அழுகை குறைகிறது. 1991 முதல் இதைப் பற்றி ஏராளமான சோதனைகள் நடந்திருக்கின்றன. இதைச் சொன்னவுடன், "பார்த்தீர்களா! நம் முன்னோர்கள் சேனை வைத்தார்களே, எல்லாம் தெரிந்துதான் வைத்தார்கள்" என்று ஒருவர் எழுந்திருப்பார். அவருக்குச் சொல்லுகிறேன்: சேனை வைத்தவர்கள் அதை வலிக்காக வைக்கவில்லை, இரண்டு நிமிஷம் கணக்குப் பார்க்கவுமில்லை. தேனை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் நாக்கில் தடவுவதோ பெரிய ஆபத்து. அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி குழந்தையின் உடம்பைச் செயலற்றுப் போகச் செய்யும் விஷத்தை உண்டாக்கும். ஆகவே இந்தச் சர்க்கரைக் கரைசலையும் வீட்டில் யாரும் தாங்களாகக் கலக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில், அளவு தெரிந்தவர்கள் கொடுக்க வேண்டியது அது.

சர்க்கரையைப் பற்றியும் முழு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். 2010-ல் லண்டனில், சர்க்கரை பெற்ற சிசுக்களின் மூளையில் எழும் மின்னோட்டத்தை அளந்து பார்த்தார்கள். முகச் சுளிப்புக் குறைந்தது வாஸ்தவம். ஆனால் குத்தியபோது மூளையில் எழுந்த அலை குறையவில்லை. சர்க்கரை வலியைத்தான் தணிக்கிறதா, வலியின் அடையாளத்தை மாத்திரம் தணிக்கிறதா என்ற விவாதம் அதிலிருந்து நடக்கிறது. ஆகவே ஒரு சிறு குத்துக்குச் சர்க்கரை சரி. கீறலுக்கும் தையலுக்கும் சர்க்கரையைக் காட்டி ஏமாற்றக் கூடாது. அதற்கு உண்மையான மரப்பு மருந்து வேண்டும். மூளை சம்பந்தமாக இன்னொன்று: 2015-ல் ஆக்ஸ்போர்டில், பிறந்து ஒரு வாரத்துக்குட்பட்ட குழந்தைகளையும் பெரியவர்களையும் காந்தப் படக் கருவியில் வைத்து, காலில் லேசாகக் குத்திப் பார்த்தபோது, பெரியவர்களின் மூளையில் வேலை செய்த 20 பாகங்களில் 18 குழந்தைகளின் மூளையிலும் வேலை செய்தன.

அழுகையை அடக்குவது வேறு, வலியைத் தணிப்பது வேறு என்பதை மறக்கக் கூடாது. அமெரிக்காவில் 1849 முதல் "மிஸஸ் வின்ஸ்லோ" என்று ஒரு குழந்தைச் சர்பத்து விற்றது. பல் முளைக்கிற குழந்தையைச் சாந்தப்படுத்தும் என்று விளம்பரம். உள்ளே இருந்தது மார்பின். எத்தனையோ குழந்தைகள் நிரந்தரமாகவே சாந்தமாகிவிட்டன. நம் நாட்டிலும் பம்பாய் மில்லுக்கு வேலைக்குப் போகிற ஏழைத் தாய்மார்கள் குழந்தை தூங்கிக் கிடப்பதற்காக அபின் உருண்டை கொடுத்து வந்தார்கள். வேடிக்கையைப் பாருங்கள்! வலியில்லாமல் பசிக்கு அழுத குழந்தைக்கு மார்பினை ஊட்டிய அதே உலகம், நெஞ்சைப் பிளந்த குழந்தைக்கு மார்பின் ஆபத்து என்றது. இரண்டு இடத்திலும் நமக்கு வேண்டியிருந்தது குழந்தையின் சுகமல்ல, அதன் மௌனம். அதற்காக இப்போது எதிர்ப்புறம் விழுந்து, எல்லாக் குழந்தைக்கும் மார்பினை ஏற்று என்றும் நான் சொல்லவில்லை. மூச்சு யந்திரத்திலிருக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கெல்லாம் வழக்கமாக மார்பின் செலுத்தினால் நன்மையைவிடத் தொல்லை அதிகம் என்று 2004-ல் ஒரு பெரிய சோதனை காட்டியிருக்கிறது. எந்த வலிக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். பார்ப்பதற்குத்தான் முன்சொன்ன அளவுகோல்கள்.

கடைசியாக, வருகிற புதன்கிழமை ஊசி போடும் நாள். ஒன்றரை மாதக் குழந்தைக்கு ஒரே நாளில் தொடையிலும் கையிலுமாக மூன்று ஊசிகள் உண்டு. ஊசி வலிக்கும் என்பதற்காக யாரும் ஊசியை நிறுத்திவிடாதீர்கள். அது தடுக்கிற நோய்களின் வலியை நீங்கள் பார்த்ததில்லை. உலகச் சுகாதார ஸ்தாபனம் 2015-ல் இதற்கென்றே எழுதி வைத்திருக்கிறது. குழந்தையை மேஜைமேல் மல்லாக்கக் கிடத்தி அமுக்கிப் பிடிக்க வேண்டாம். தாய் மடியில் அணைத்து வைத்துக்கொள்ளட்டும். ஊசிக்குச் சற்று முன்னாலோ, போடும்போதேயோ பால் கொடுக்கட்டும். புரையேறும் என்று சொல்லி நர்சம்மாள் தடுத்தால், சோதனைகளில் அப்படி நேர்ந்ததாகக் காணப்படவில்லை என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அதிகமாக வலிக்கிற ஊசியைக் கடைசியில் போட வேண்டும். ஊசியைச் செலுத்திய பிறகு இரத்தம் வருகிறதா என்று பின்னுக்கு இழுத்துப் பார்ப்பது அவசியமில்லை. அது வலியை அதிகப்படுத்துகிறது. முன்கூட்டியே காய்ச்சல் மருந்து கொடுத்துவிட்டு அழைத்து வரவும் வேண்டாம்.

இங்கே வந்திருக்கிற நர்சுகளுக்கு ஒன்று. குதிகாலைக் குத்திய பிறகு இரத்தத்துக்காகப் பிழிகிறீர்களே, பல குழந்தைகளுக்குக் குத்தலைவிட அந்தப் பிழிதல்தான் அதிக வலி. கை தேர்ந்தவர் இருந்தால், மாதம் நிறைந்த குழந்தைக்கு நரம்பில் எடுப்பதே மேல். ஊசி போடுகையில் தாயை வெளியே போகச் சொல்லுகிற வழக்கம் ஒன்றும் இருக்கிறது. என் வீட்டுக் குழந்தைக்கே ஒரு ஆஸ்பத்திரியில் அப்படிச் செய்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தை, இந்தப் பக்கம் தாய், இரண்டு பக்கத்திலும் அழுகை. தாய் மயங்கி விழுந்துவிடுவாள் என்று காரணம் சொன்னார்கள். விழுந்தால் ஒரு நாற்காலி போடுங்கள், கதவைச் சாத்தாதீர்கள்.

ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டால், தாய்மார்களே, தகப்பன்மார்களே, மயக்க மருந்து டாக்டரை ஆபரேஷனுக்கு முன்பே பார்த்து மூன்று கேள்வி கேளுங்கள். அறுக்கும்போது வலி தெரியாமலிருக்க என்ன கொடுப்பீர்கள்? விழித்த பிறகு எத்தனை மணிக்கு ஒரு தடவை வலியைப் பார்த்து எழுதுவீர்கள்? இராத்திரியில் வலித்தால் யாரைக் கூப்பிட வேண்டும்? நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். உட்கார வைத்துப் பதில் சொல்லுவார். கோபித்துக்கொண்டால், இரண்டாவது தடவையும் கேளுங்கள்.